சினிமாவை நம்பாமல் ஒரு பாடகர் இந்தியாவில் பிழைக்க முடியுமா? கிடாரோடு தானே எழுதிப் பாடும் பிரதீக் குஹாட்டால் எப்படி முடிந்தது?

முதலில் ஒன்று: குஹாட் சினிமாப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர் இல்லை. 2016-ல் 'பார் பார் தேகோ', 2018-ல் நம்ம துல்கர் சல்மான் நடித்த 'கார்வான்' இரண்டிலும் அவர் பாட்டு இருக்கிறது. ஆனால் சினிமாக்காரர்கள் தேடி வந்தபோது அவருக்கு ஏற்கெனவே ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது.

ஜெய்ப்பூர்க்காரர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பொருளாதாரமும் படித்துவிட்டு டெல்லிக்கு வந்து பாட ஆரம்பித்தவர். 2015-ல் 'இன் டோக்கன்ஸ் அண்ட் சார்ம்ஸ்' ஆல்பம், 2018-ல் 'கோல்ட்/மெஸ்' பாட்டு. அந்தப் பாட்டை ஒபாமா 2019-ல் தனக்குப் பிடித்த பாடல்களின் பட்டியலில் சேர்த்தார். 2020-ல் அமெரிக்காவின் எலெக்ட்ரா இசை நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட்டது. ஒபாமாவால்தான் வளர்ந்தார் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பட்டியல் வருவதற்கு ஒரு வருடம் முன்பே அந்தப் பாட்டை இங்கே கல்லூரிப் பிள்ளைகள் மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

நான் டெல்லியில் சவுண்ட் வேலை பார்க்கிறவன், அதனால் எனக்குக் கண்ணில் படுவது செலவுக் கணக்கு. ஒரு ராக் பேண்ட் என்றால் டிரம்ஸுக்கு மட்டுமே ஏழெட்டு மைக் வைக்க வேண்டும். அப்புறம் கிடார் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப், பாடுகிறவர்களுக்கே கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர், அஞ்சு பேருக்கு டிக்கெட், ரூம். தனியாகக் கிடாரோடு வருபவருக்கு ஒலிகளைச் சேர்க்கும் மிக்சர் பெட்டியில் இரண்டு சேனல் போதும்: குரலுக்கு ஒன்று, கிடாருக்கு ஒன்று. சின்னக் காபிக் கடைக்காரர்கூடப் பாடக் கூப்பிடலாம், ஊர் ஊராகப் போகலாம். இந்த வகைப் பாடகர்கள் முதலில் ஆள் சேர்ப்பதே இப்படித்தான்.

சுகமான பிழைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். டெல்லி ஆர்.கே.புரத்துத் தமிழ்ப் பையன் ஒருவன் சொந்தமாக எழுதிப் பாடுகிறான். ஹவுஸ் காஸில் ஒரு கடையில் அவன் மெதுவான பாட்டை எடுத்த நேரம் பார்த்து கவுண்டரில் மிக்ஸி ஓடியது. "அண்ணா, ஒரு மூணு நிமிஷம் அதை நிறுத்தச் சொல்லுங்களேன்" என்று மைக்கிலேயே கெஞ்சினான். நிறுத்தினார்கள். உடனே ஒரு மேஜையிலிருந்து "பையா, அரிஜித் பாட்டு!" என்று இந்தி சினிமாப் பாட்டு கேட்டுக் குரல். சம்பளம்? ராத்திரிச் சாப்பாடும் ஆட்டோ காசும்.

குஹாட்டுக்கு இந்தியும் ஆங்கிலமும் கைகொடுத்தன. எந்தப் பெரிய ஊருக்குப் போனாலும் கேட்க ஆள் உண்டு. தமிழில் எழுதுகிறவனுக்கு டெல்லியில் அந்த வசதி கிடையாது. சென்னை, பெங்களூரு என்று போய்த்தான் ஆக வேண்டும்.

ஆகவே முடியும், ஆனால் முதல் சில வருடங்களுக்கு வேறு வருமானம் வேண்டும். இன்னொன்று, பாட்டின் உரிமையை யாருக்கும் மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். சினிமாவுக்கே எழுதினாலும், 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்கு வரும் பணத்தில், பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்து வாங்கினாலும் செல்லாது. ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.