கேமரா நுழைந்த வளவு (செட்டிநாட்டு வீடு): வாசகர் கேள்வி – பதில்

‘மெட்டி ஒலி’ சீரியல் இயக்குநர் திருமுருகன் ஏன் சினிமாவில் நிலைக்கவில்லை?
– வாசகர், காரைக்குடி

நிலைக்கவில்லை என்று சொல்வதைவிட, திரும்பி வந்தார் என்று சொல்லுங்கள். 2002-ல் சன் டி.வி.யில் தொடங்கிய ‘மெட்டி ஒலி’ 2005-ல் முடிந்தது; 800 எபிசோடுக்கு மேல். மறு ஆண்டே பரத், நாசர், சரண்யா, வடிவேலுவை வைத்து ‘எம் மகன்’ படம். 2008-ல் மறுபடியும் பரத்தோடு ‘முனியாண்டி விலங்கியல் மூன்றாமாண்டு’. 2010-ல் ‘நாதஸ்வரம்’, அதன்பின் ‘குலதெய்வம்’, ‘கல்யாண வீடு’ என்று சின்னத்திரையிலேயே தங்கிவிட்டார்.

‘எம் மகன்’ மனசில் நின்றதற்குக் காரணம் மளிகைக் கடை அப்பாவும் மகனும். ஒரு கூடத்தில் எட்டுப் பேரை நிற்கவைத்து, எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு கோபம் கொடுப்பதுதான் அவர் கைவரிசை. ‘முனியாண்டி’ மாதிரிக் கல்லூரிக் கதையில் அதற்கு இடம் குறைவு. இது என் கணிப்பு, சண்டைக்கு வராதீர்கள்.

சீரியல் எடுப்பது சினிமாவைவிடச் சுலபமா?
– வாசகி, தேவகோட்டை

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை மணி நேரப் படத்தை 60 நாளில் எடுத்தால், ஒரு நாளைக்குத் தேறுவது இரண்டரை நிமிடம். சீரியலில் அரை மணி ஸ்லாட். விளம்பரம் போக 20 நிமிடம் சொச்சம். வாரம் ஐந்தாறு எபிசோடு போக வேண்டுமென்றால் தினமும் ஏறக்குறைய ஒரு எபிசோடு முடிந்தாக வேண்டும். ஒரு நடிகருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு அவருடைய பாத்திரத்தை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களை வைத்து சீனைத் திருத்த வேண்டும். கையில் பத்து எபிசோடாவது எடுத்து வைத்திராத யூனிட் மழைக்காலத்தில் திணறும்.

செட்டிநாடு சினிமாவுக்கு வெறும் லொக்கேஷன்தானா?
– வாசகர், பள்ளத்தூர்

ஏ.வி.எம். நிறுவனர், காரைக்குடிக்காரர் ஏ.வி. மெய்யப்பன் பக்கத்திலுள்ள தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தியவர். 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்ததுதான். இயக்குநர் எஸ்.பி. முத்துராமனும் காரைக்குடியில் பிறந்தவரே. ரஜினியை வைத்து மட்டும் 25 படம்.

‘நாதஸ்வரம்’ ஆயிரமாவது எபிசோடை ஒரே ஷாட்டில் எடுத்ததில் அப்படி என்ன கஷ்டம்? வள்ளி திருமண நாடகம் விடிய விடிய நடக்கிறதே?
– வாசகர், நாட்டரசன்கோட்டை

2014 மார்ச் 5. காரைக்குடியிலிருந்து நேரலை, 23 நிமிடத்துக்கு மேல் ஒரு கட் கூட இல்லை, கின்னஸில் ஏறியது. நாடகத்தில் பார்க்கிறவர் பாயில் உட்கார்ந்திருக்கிறார். இங்கே பார்க்கிறவர்தான் நடக்கிறார், கேமராவாக.

நம்ம செட்டிநாட்டு வீடு ஒன்றில் இப்படி ஒரு ஷாட் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வில்லங்கம் விளக்கு. கேமரா நாலு பக்கமும் திரும்பும் என்பதால் ஸ்டாண்டை நிறுத்த மூலையே கிடையாது. தூணுக்குப் பின்னாலும் மேல்மாடத்திலும்தான் ஒளித்துக் கட்ட வேண்டும். பகலென்றால் முற்றத்தில் வெயில், அதைச் சுற்றிய பத்தியில் அரை இருட்டு. ஒருவர் ரிமோட்டில் ஐரிஸை (லென்ஸுக்குள் வெளிச்சம் புகும் துளை) திறந்து மூடிக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் முற்றம் வெளுக்கும், அல்லது முகம் கறுக்கும். அடுத்தது பட்டாலைக் கூடத்தில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடி. கேமராமேன் அதில் தெரிந்தால் எல்லாம் போச்சு. சாய்த்து மாட்டுங்கள், அல்லது மாலை போட்டு மறையுங்கள். வாசல்படி தடுக்கும் இடத்தில் சரிவுப் பலகை வேண்டும், ஏனென்றால் ஸ்டெடிகேம் (ஆடாமல் படமெடுக்க கேமராவை உடம்போடு கட்டும் கருவி) கட்டிய ஆளுக்குத் தன் கால் தெரியாது. கோலில் கட்டித் தலைக்கு மேல் நீட்டும் பூம் மைக்கின் நிழல் விழும் என்று காலர் மைக் வைத்தால் பட்டுச்சேலை உரசிச் சரசரக்கும்.

நடிகர் வசனத்தை மறந்தால்? பக்கத்தில் நிற்பவரிடம் சமாளிக்க இரண்டு வரி முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். ஒத்திகையைத் துண்டு துண்டாகப் பார்த்தால் மட்டும் போதாது. ஒளிபரப்பாகும் அதே நேரத்தில், அதே வெளிச்சத்தில், கடிகாரம் வைத்து முழுசாக ஓட்டிப் பார்க்க வேண்டும். நேரலையில் இரண்டு நிமிடம் மிஞ்சினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

எங்க வளவை சீரியலுக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

கொடுங்கள் ஆச்சி, ஆனால் பங்காளிகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். பாதியில் ஒருவர் வந்து நின்றால், அதுவரை எடுத்த வீட்டைக் கதையில் மாற்ற முடியாமல் யூனிட் தவிக்கும், உங்களுக்கும் பொல்லாப்பு. சினிமாக்காரர்கள் பத்து நாளில் போய்விடுவார்கள்; சீரியல் வருடக்கணக்கில் ஓடும். அதுவரை ஊஞ்சலை நகர்த்தக்கூடாது, சுவருக்கு வேறு வண்ணம் அடிக்கக்கூடாது. இந்த இழப்புக்கும் சேர்த்து வாடகை பேசுங்கள்.

ஒப்பந்தத்தில் இவற்றை எழுதச் சொல்லுங்கள். கேமரா ட்ராலி ஓடும் தண்டவாளத்துக்கு அடியில் ஜமுக்காளமும் பிளைவுட்டும் போட வேண்டும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் வார்த்தது, இரும்பு உரசினால் பூ அழிந்துவிடும். கறை பட்டால் ஆசிட் கூடாது, ஈரத்துணிதான். முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைத்த சுவரில் ஆணியும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். டேப்பை உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். மின்சாரத்துக்கு அவர்களுடைய ஜெனரேட்டர், அதுவும் தெருவில். பழைய வயரில் பெரிய விளக்கைச் செருகினால் ஃபியூஸ் மட்டுமா போகும்?

முதல் நாள் காலையில் ஒவ்வொரு அறையையும் தேதியோடு போட்டோ எடுத்து, ஒரு பிரதியை புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள். சாமி வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ளுங்கள்.