வளவு உங்கட, சத்தம் ஊருக்கு: வெடி கொளுத்துறதைப் பற்றி கெமிஸ்ற்றி மாஸ்டரிட்ட கேட்டவை

தீபாவளி கிட்ட வந்திட்டுது, கடையளில சீனவெடிப் பெட்டியளும் வந்திட்டுது, அதோட எனக்கு வாற கேள்வியளும் கூடிட்டுது. நான் ஏ.எல் பிள்ளையளுக்கு கெமிஸ்ற்றி படிப்பிச்சுப் பென்சன் எடுத்த ஆள், இப்ப சனசமூக நிலையத்தில முதலுதவி வகுப்பு எடுக்கிறன், அதால வெடிமருந்தும் தெரியும், வெடிமருந்து சுட்ட கையும் தெரியும். கேட்டவையின்ர பேர் போடேல்ல, ஊர் மட்டும் போட்டிருக்கிறன்.

கேள்வி (கோண்டாவில்): மாஸ்டர், பக்கத்து வீட்டுக்காரர் தீபாவளிக்கு விடிய 4 மணிக்கே ஆயிரம் வெடிக் கட்டைப் படலையில தொங்கவிட்டுக் கொளுத்தினம், கேட்டா எங்கட வளவுக்குள்ள நாங்கள் கொளுத்துறம் உங்களுக்கு என்ன எண்டு சொல்லினம். அது சரியோ?

பதில்: வளவு அவையின்ரதான், ஆனா சத்தம் மதிலைக் கண்டு நிக்கிறேல்ல. வெடியே வேண்டாம் எண்டு சொல்லுற ஆள் நான் இல்லை, வருசத்தில ரெண்டு மூண்டு நாள், பிள்ளையள் ஆசைப்படுங்கள், அதில ஒரு பிழையும் இல்லை. சொல்லாமல் கொளுத்துறதும் நேரங்காலம் பாக்காமல் கொளுத்துறதும்தான் பிழை. முதல்நாள் பின்னேரம் ரெண்டு பக்கத்து வீட்டுக்கும் முன்வீட்டுக்கும் பின்வளவுக்கும் போய் "நாளைக்கு ஆறரைக்குக் கொளுத்தப்போறம், ஏழு மணியோட முடிச்சிடுவம், வீட்டில வருத்தக்காரர், கைக்குழந்தையள் ஆரும் இருக்கினமோ" எண்டு கேட்டா என்ன குறைஞ்சு போகும்? பலகாரம் குடுக்கப் போறனீங்கள்தானே, அதோட சேர்த்துச் சொல்லுங்கோ. விடிய 4 மணிக்கு எண்ணெய் வைச்சு முழுகிறது அவையின்ர வழக்கமா இருக்கலாம், அதுக்கு ஊரையே எழுப்பி முழுக வார்க்கத் தேவையில்லை.

கேள்வி (சுன்னாகம்): சேர், கதைச்சும் கேக்காட்டி பொலிசுக்குச் சொல்லேலாதோ? சட்டம் ஒண்டும் இல்லையோ?

பதில்: இருக்கு. வெடி செய்யிறதும் விக்கிறதும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டத்துக்குக் கீழ வருது, லைசன்ஸ் வேணும், அதால ரோட்டுக்கரையில சாக்கு விரிச்சு விக்கிறவையிட்ட வாங்காதேங்கோ. சத்தத்துக்கு 1996இல வந்த ஒழுங்குவிதி கிடக்கு, பிரதேச சபைப் பக்கம் பகல்ல 55 டெசிபெல், இரவில 45, மாநகர சபைக்குள்ள பகல்ல 63, இரவில 50, இரவு எண்டுறது பின்னேரம் 6 மணியில இருந்து விடிய 6 மணி மட்டும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோடு (நீதிமன்றம்), நூலகம் இதுகளின்ர எல்லையில இருந்து 100 மீற்றர் அமைதி வலயம். இந்தியாவில கடையில விக்கிற வெடிக்கு 4 மீற்றர் தூரத்தில 125 டெசிபெல் எண்டு எல்லை வைச்சிருக்கினம். அது ஒரு கணத்தில வாற அடி, 55 எண்டுறது கொஞ்ச நேரத்துச் சராசரி, ரெண்டையும் நேர ஒப்பிடேலாது தான், எண்டாலும் ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் சக்தி பத்து மடங்கு ஏறும் எண்டு வைச்சுப் பாத்தா எவ்வளவு வித்தியாசம் எண்டு விளங்கும். 2007இல உயர் நீதிமன்றம் இரவு 10இல இருந்து விடிய 6 மட்டும் ஏலாது எண்டு சொன்னது ஒலிபெருக்கிக்கு, வெடிக்கு இல்லை, ஆனா ஊருக்குள்ள கதைச்சு ஒரு நேரம் வைக்க அந்த 10 மணி நல்ல கணக்கு.

119க்கு அடிக்கலாம், பொதுத்தொல்லை எண்டு தண்டனைச் சட்டக்கோவையிலயும் கிடக்கு. ஆனா பொலிஸ் வரேக்க வெடி முடிஞ்சு கடதாசி மட்டும்தான் கிடக்கும், பேந்து வருசம் முழுக்க மதிலுக்கு ரெண்டு பக்கமும் மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருக்கவேண்டியதுதான். நேர கதையுங்கோ, சரிவராட்டி விதானையாரிட்ட சொல்லுங்கோ. ரோட்டால போறவைக்கு எறியிறாங்கள், கிடுகு வேலிக்குப் பக்கத்தில கொளுத்துறாங்கள் எண்டால் மட்டும் ஒண்டும் யோசியாமல் 119.

கேள்வி (ஆனைக்கோட்டை): எங்கட அம்மம்மாவுக்கு வெடிச்சத்தம் கேட்டா கை நடுங்கும், எழும்பி அறை மூலைக்குள்ள போய் இருந்திடுவா. இது சீனவெடி அம்மம்மா எண்டு சொன்னா ஓம் ஓம் எண்டு தலையாட்டுவா, ஆனா வெளியில வரமாட்டா. சின்னப் பெடியள் பாத்துச் சிரிக்கிறாங்கள். என்ன செய்யலாம்?

பதில்: சிரிக்கிறவங்களை முதல்ல கூப்பிட்டு இருத்திக் கதை சொல்லுங்கோ. 1987 ஒக்டோபர் 21 தீபாவளி நாள், அண்டைக்குத்தான் இந்திய ஆமி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள்ள பூந்து டொக்டர்மார், நேர்ஸ்மார், படுத்திருந்த நோயாளியள் எண்டு பாக்காமல் சுட்டது. 1995 ஒக்டோபர் 30, தீபாவளி முடிஞ்சு ஒரு கிழமைதான், வலிகாமத்துச் சனம் முழுக்க இரவோட இரவா நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்கு நடந்தது, மழை வேற. அந்த வயசு ஆக்களுக்கு ஐப்பசி மாசத்தில வாற சத்தம் எண்டால் அதுதான். இது வெறும் சீனவெடி எண்டு மூளைக்கு விளங்கிறதுக்கு முதலே உடம்பு பங்கருக்கு ஓடிடும், அதை மனிசரால நிப்பாட்டேலாது, பயந்தாங்கொள்ளி எண்டும் இல்லை.

செய்யக்கூடியது என்னெண்டால், எத்தினை மணிக்குத் தொடங்கும் எத்தினை மணிக்கு முடியும் எண்டு அவவுக்கு முதலே சொல்லிவையுங்கோ, திடீரெண்டு வாற சத்தம்தான் ஆளைக் கொல்லுறது. அந்த நேரம் உள் அறையில ரேடியோவையோ ரீவியையோ கொஞ்சம் பலமாய் விட்டு ஒராள் பக்கத்தில இருங்கோ, கையைப் பிடிச்சுக்கொண்டு சும்மா ஊர்க்கதை கதையுங்கோ, பயப்பிடாதேங்கோ பயப்பிடாதேங்கோ எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லாதேங்கோ. வெடி முடிஞ்சும் ரெண்டு மூண்டு நாளா நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை எண்டால் போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, வெக்கப்பட ஒண்டுமில்லை. அயலுக்கும் இதை நீங்களே போய்ச் சொல்லுங்கோ, கனபேர் தெரியாமல்தான் கொளுத்துறவை.

கேள்வி (சாவகச்சேரி): மழைக்கு வெடி ஈரமாப் போச்சு, அடுப்புக்கரையில வைச்சுக் காயவிடலாமோ? அம்மா அப்பிடித்தான் செய்யிறவ.

பதில்: கடவுளே. அடுப்புக்கரையில இருந்து எடுக்கச் சொல்லுங்கோ, ஈரமான வெடியை விட்டிடச் சொல்லுங்கோ. கருமருந்து எண்டுறது 75 பங்கு பொட்டாசியம் நைத்திரேற்று, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம், எரியத் தேவையான ஒட்சிசன் அதுக்குள்ளயே கிடக்கு, ஒரு பொறி விழுந்தாக் காணும், பெட்டி முழுக்கக் குசினிக்குள்ள வெடிக்கும். ஈரம் பட்ட வெடியில இன்னொரு கரைச்சல், திரி பாதியில அணைஞ்ச மாதிரி நிக்கும், பெடியன் குனிஞ்சு பாப்பான், அப்ப வெடிக்கும். திரி நிண்டுபோனா 20 நிமிசம் கிட்டப் போகாதேங்கோ, பிறகு தூர நிண்டு தண்ணி ஊத்துங்கோ. ரெண்டாந்தரம் நெருப்பு வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

கேள்வி (அளவெட்டி): பொங்கல் பொங்கி வழியேக்க வெடி கொளுத்தாட்டிக் குறையோ?

பதில்: ஒரு குறையும் இல்லை. சூரியனுக்குப் படைக்கிறது பொங்கலைத்தான். கொளுத்துறதெண்டால் பானைக்குக் கிட்ட வேண்டாம், கோலத்துக்கும் அங்கால போங்கோ.

கேள்வி (வட்டுக்கோட்டை): என்ர மகன் பி.வி.சி பைப்பில காபைட் போட்டு ஏதோ துவக்கு மாதிரிச் செய்து வைச்சிருக்கிறான், யூடியூப்பில பாத்தவனாம். சீனவெடி வாங்கிறதை விட இது காசும் மிச்சம், புகையும் இல்லை எண்டு சொல்லுறான், விடலாமோ?

பதில்: இண்டைக்கே பறிச்சுப்போடுங்கோ, இதை வாசிச்சு முடிச்சாப்பிறகு இல்லை, இப்பவே. காபைட்டில தண்ணி பட்டா அசெற்றிலீன் வரும், வெல்டிங்காரர் இரும்பு வெட்டுற அதே காஸ். காத்தில 2.5 வீதம் சேர்ந்தாலே பத்தக்கூடியது. பைப் எவ்வளவு தாங்கும், உள்ளுக்க எவ்வளவு காஸ் நிக்குது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, பைப் வெடிச்சா பிளாஸ்ரிக் துண்டு கண்ணாடி மாதிரிப் பறக்கும். அதைவிட மோசம், வெடிக்காட்டி எல்லாப் பெடியளும் செய்யிற ஒரு வேலை இருக்கு, என்ன நடந்தது எண்டு பைப் வாய்க்குள்ள கண்ணை வைச்சுப் பாக்கிறது. அந்த நேரம் பாத்துப் பத்தும். 2025 தீபாவளிக்கு இந்தியாவில மத்தியப் பிரதேசத்தில இந்தச் சாமானால கன பிள்ளையளின்ர கண் போனது, போபால் ஆஸ்பத்திரியள் நிரம்பினது. மிச்சக் காபைட் கிடந்தா தண்ணி படாமல் மூடி, வாங்கின வெல்டிங் கடையிலயே குடுத்திடுங்கோ, கிணத்துக்குள்ளயோ கக்கூசுக்குள்ளயோ கொட்டிப்போடாதேங்கோ. வாழைக்குலை பழுக்க வைக்க வாங்கினது எண்டால் அதுக்கு வேற பேச்சு வாங்கவேணும் நீங்கள்.

கேள்வி (லண்டன், சொந்த இடம் உரும்பிராய்): வாற ஆவணியில மகளின்ர சாமத்தியவீடு ஊரில வைக்கிறம். வீட்டு வளவுக்குள்ளயே பெரிய வாணவேடிக்கை செய்யலாம் எண்டு ஈவென்ற் செய்யிற ஆக்கள் சொல்லினம். ரெண்டு பரப்புக் காணி, காணுமோ அங்கிள்?

பதில்: வாழ்த்துக்கள் பிள்ளைக்கு. காணாது. ஒரு பரப்பு கிட்டத்தட்ட 250 சதுர மீற்றர், ரெண்டு பரப்பு எண்டால் பக்கத்துக்கு 22 மீற்றர் அளவுதான், அதுக்குள்ள வீடும் கிணறும் பந்தலும் நிக்குது. உங்கட லண்டன் கடையில விக்கிற பெட்டியளை எடுத்துப் பாருங்கோ, சின்னதுக்கு 8 மீற்றரும் அடுத்த வகைக்கு 25 மீற்றரும் தள்ளி நிக்கச் சொல்லிப் போட்டிருக்கும், ஈவென்ற்காரர் கொண்டுவாற மேல வெடிக்கிற சாமான் அதிலும் பெரிசு. அங்க இரவு 11 மணிக்குப் பிறகு கொளுத்த ஏலாது, தீபாவளி, புதுவருசம் மாதிரி சில நாளுக்குத்தான் விலக்கு, அங்க நீங்கள் அதைக் கேட்டு நடக்கிறீங்கள்தானே, ஊருக்கு வந்தா மட்டும் ஏன் இரவு 12 மணிக்கு வானத்துக்கு விடவேணும்? (இதை உங்களுக்கு மட்டும் சொல்லேல்ல, ஒவ்வொரு ஆவணியும் இதே கூத்துத்தான்.) ஆவணி எண்டால் மழையும் இல்லை, வேலி ஓலை, பனங்காணிச் சருகு, வைக்கல் எல்லாம் முறுகிக் கிடக்கும், வாணத்தின்ர குச்சி நெருப்போட எங்க போய் விழும் எண்டு ஆருக்கும் தெரியாது. செய்யத்தான் வேணும் எண்டால் வெறும் தரவை இல்லாட்டி விளையாட்டு மைதானம் ஒண்டை எடுத்து, ஈவென்ற்காரரிட்ட லைசன்ஸைக் கேட்டுப் பாத்து, பொலிசுக்கும் சபைக்கும் எழுதிக் குடுத்துச் செய்யுங்கோ. வீட்டில புஸ்வாணம் பத்து வைச்சா படமும் வடிவாய் வரும்.

கேள்வி (நல்லூர்): நாய் கட்டிலுக்குக் கீழ போய் ரெண்டு நாளாச் சாப்பிடாது. மருந்து இருக்கோ?

பதில்: மனிசருக்கு 20 ஆயிரம் ஹேட்ஸ் மட்டும்தான் கேக்கும், நாய்க்கு 45 ஆயிரம் அளவுக்குக் கேக்கும், அதால எங்களுக்கு ஒரு வெடி எண்டால் அதுக்கு அது வேற உலகம். கட்டிப்போடாதேங்கோ, உள்ளுக்க விட்டுப் படலையைப் பூட்டுங்கோ, வெடிக்கு ஓடி வழிதவறின நாயள்தான் கனக்க. கட்டிலுக்குக் கீழ இருந்தா இருக்கட்டும், இழுக்காதேங்கோ. மருந்தை மிருக வைத்தியரிட்டக் கேளுங்கோ, வீட்டில கிடக்கிற நித்திரைக் குளிசையைக் குடுத்துப்போடாதேங்கோ. மாடு நிக்கிற வீடெண்டால் கொட்டில் பக்கம் கொளுத்தவே வேண்டாம், கயிறு இறுகும்.

கேள்வி (காரைநகர்): சுட்டா பற்பசை பூசலாமோ, முட்டை வெள்ளைக்கரு நல்லம் எண்டும் சொல்லினம்?

பதில்: ரெண்டும் இல்லை, நெய்யும் இல்லை, ஐஸும் இல்லை. ஓடுற தண்ணிக்குக் கீழ 20 நிமிசம் பிடியுங்கோ, கிணத்துத் தண்ணி வாளி வாளியா ஊத்தினாலும் சரி, மோதிரம் காப்பை வீங்க முதல் கழட்டுங்கோ, சுத்தமான துணியால லேசா மூடுங்கோ. கொப்பளத்தை உடைக்காதேங்கோ. கம்பி மத்தாப்பைச் சின்னச் சாமான் எண்டு நினைக்கிறவை, அந்த நுனி ஆயிரம் பாகை சூடு வரும், எரிஞ்சு முடிஞ்ச கம்பியைத் தண்ணி வாளிக்குள்ள போடாமல் முத்தத்தில எறிஞ்சா அடுத்த பிள்ளை வெறுங்காலோட மிதிக்கும், ஒவ்வொரு வருசமும் எனக்கு வாற காயத்தில கனக்க உதுதான்.

கண்ணில பட்டா மட்டும் கதை வேற. கசக்கக் கூடாது, கழுவக் கூடாது, அமத்தக் கூடாது, குத்தி நிக்கிறதை இழுக்கக் கூடாது. ஒரு கடதாசிக் கப்பைக் கண்ணில முட்டாமல் கவிட்டு ஒட்டிப்போட்டு நேர ஆஸ்பத்திரி, வாகனம் இல்லாட்டி அம்புலன்ஸுக்கு 1990 எண்ட நம்பருக்கு அடியுங்கோ, காசில்லை.

கேள்வி (பருத்தித்துறை): செத்தவீட்டு ஊர்வலத்தில வெடி கொளுத்திக்கொண்டு போறதையும் சொல்லுங்கோ மாஸ்டர், தீபாவளியை மட்டும் பிடிச்சுக் கதைக்கிறீங்கள்.

பதில்: சரியான கேள்வி. வயசு போய்ச் செத்த ஆளை மேளத்தோடயும் வெடியோடயும் அனுப்புறது எங்கட வழக்கம், அதை நிப்பாட்டு எண்டு துக்க வீட்டில போய் ஆர் சொல்லுறது? ஆனா ரோட்டில கொளுத்திப் போட்டுக்கொண்டு போறவன் கன இடத்தில ஏற்கெனவே வெறியில நிப்பான், அதுதான் என்ர பயம். முன்னுக்கு ஒராளை விட்டு மோட்டர்சைக்கிள்களை மறிக்கவேணும், வெடிப் பையைக் கொளுத்திறவன்ர கையில குடுக்காமல் பின்னால வாற வேற ஆள் வைச்சிருக்கவேணும், ஆஸ்பத்திரி பள்ளிக்கூடம் வந்தா நிப்பாட்டவேணும். செத்தவர் ஒண்டும் கோவிக்கமாட்டார்.

கேள்வி (கொக்குவில்): அடுத்தநாள் விடிய எங்கட சின்னவன் வெடிக்காத வெடியளைப் பொறுக்கிக்கொண்டு வந்து மருந்தைக் கொட்டி ஒண்டாச் சேர்க்கிறான். நாங்களும் சின்னனில செய்தனாங்கள்தான், விடட்டோ?

பதில்: விடாதேங்கோ. பொறுக்கிற சாமான் ஒவ்வொண்டிலயும் மருந்து வேற வேற, சிலதுக்குள்ள அலுமினியத் தூள் கலந்த மருந்து இருக்கும், உரசினாலே பத்தும், ஒண்டாச் சேர்த்தா என்ன நடக்கும் எண்டு கெமிஸ்ற்றி படிப்பிச்ச என்னாலயும் சொல்லேலாது. அதோட எங்கட மண்ணில நிலத்தில கிடக்கிற தெரியாத சாமானைப் பொறுக்கிற பழக்கமே பிள்ளைக்கு வரக்கூடாது. இரவே முத்தத்தைக் கூட்டி, கூட்டினதை வாளித் தண்ணிக்குள்ள விடியும் மட்டும் ஊறவிடுங்கோ, எரிக்கிற குப்பையோட சேர்க்காதேங்கோ. பக்கத்து வீட்டு முத்தத்திலயும் உங்கட கடதாசி பறந்து கிடக்கும், தும்புத்தடியைக் குடுத்துச் சின்னவனையே அனுப்புங்கோ.