மோரிஸ் மைனரின் ஸ்பிரிங் பட்டைக்குத் துணி சுற்றலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த தாத்தாவின் 1958 மோரிஸ் மைனர் கார் இப்போது அவர் கையில். பின்பக்கத்தைத் தாங்கும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள் துருவேறி, குழியில் இறங்கும்போதெல்லாம் கிறீச்சிடுகின்றன. பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றி, மேலே கித்தான் சுற்றித் தைத்துவிட்டால் போதும் என்று ஒரு போமன் (கார் மெக்கானிக்) சொன்னாராம். செய்யலாமா என்பது கேள்வி. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: கார் நிற்பது, செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) வாங்கிய உர மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில்.

தம்பி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். முதல் வேலையாகக் காரை அங்கிருந்து வெளியே எடுங்கள். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு, நம் சமையல் உப்புக்கு உறவுக்காரன். ஈரக்காற்றில் கசிந்து, தூசியாகப் படிந்த இடத்தில் இரும்பை அரிக்கும். இங்கிலாந்தில் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அங்கே பல மைனர்களின் அடிப்பாகம் அப்படித்தான் போனது. உங்கள் கொட்டகையில் அதே வேலையை வருடம் முழுக்க உரம் செய்கிறது. உரம் போட்ட தோட்டத்துச் செம்மண் பாதையில் போய்வந்தாலும், அன்றைக்கே அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

சரி, துணிக்கு வருவோம். என் பதில்: சுற்றாதீர்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்கள் சிலவற்றில் ஸ்பிரிங்குக்குத் தோல் உறை இருந்தது உண்மைதான். ஆனால் அது உள்ளே கிரீஸ் நிரப்புவதற்காகவே அளவெடுத்துச் செய்த உறை. துரு மேல் கித்தானைச் சுற்றினால், நம்மூர் மழையில் உள்ளே போன ஈரம் வெளியே வராது. ஒருமுறை என் பட்டறையில் அப்படிச் சுற்றிய ஒன்றைக் கத்தியால் கிழித்துப் பார்த்தேன். வெளியே துணி நன்றாக இருந்தது. உள்ளே துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. மூடாமல் விட்டிருந்தால் காரின் உரிமையாளர் எப்போதோ கண்ணால் பார்த்திருப்பார்.

பழைய எஞ்சின் எண்ணெயும் வேண்டாம். அதில் கரியும் உலோகப் பொடியும் அமிலமும் கலந்திருக்கும். மண் தூசியை இழுத்து வைத்துக்கொண்டு பட்டைகளுக்கு நடுவே உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஸ்பிரிங்கின் இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் புஷ்களில் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறைகளில்) பட்டால் அவை ஊறி உப்பிவிடும். பால்மரத்து ரப்பருக்கும் பெட்ரோலிய எண்ணெய்க்கும் ஆகாது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் படுவதும் நல்லதல்ல. பலகாலப் பழக்கத்தில் தோல் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

பட்டைகள் வளையும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்க வேண்டும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால், பட்டைகளை நெம்பிப் பிரிக்கும்; வழுக்கலும் நின்றுபோகும். கீழ்ப்பட்டையின் முனை மேல்பட்டையில் பள்ளம் தோண்டும். விரிசல் பெரும்பாலும் அந்தப் பள்ளத்திலோ, பட்டைகளை நடுவில் கோக்கும் நடுபோல்ட்டின் ஓட்டையிலோதான் தொடங்கும். கிறீச்சென்ற சத்தம் அதற்கு முன்னறிவிப்பு.

துரு மேலோட்டமாக இருந்தால் கழற்றத் தேவையில்லை. கார் உடலைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். சக்கரங்களும் ஆக்ஸிலும் தொங்கும்போது பட்டைகள் முனைப்பக்கம் சற்று விலகும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய தகட்டால் கிராபைட் கிரீஸை இடுக்கில் தள்ளுங்கள். வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். புஷ் பக்கம் கிரீஸ் போகவே கூடாது.

செதில் உதிரும் அளவுக்குத் துரு என்றால் கழற்றத்தான் வேண்டும். நடுபோல்ட்டைத் தளர்த்துமுன் பட்டைக்கட்டை இரண்டு கிளாம்பால் இறுக்கிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் பட்டைகள் துள்ளி அடிக்கும். வரிசையையும் முன்பக்கம் எது என்பதையும் சுண்ணாம்புக்கட்டியால் குறியுங்கள். இரும்பு தெரியச் சுரண்டி, துத்தநாகப் பெயிண்ட் மெல்லிசாக அடித்து, உலர்ந்ததும் கிரீஸ் தடவிச் சேருங்கள். நடுபோல்ட்டும், ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டும் புதிதாகப் போடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

புஷ் மாற்றும்போது அதன் வழியே போகும் போல்ட்டுகளைக் காரின் கனம் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டபடி இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும். அவசரத்தில் பலரும் தவறுவது இதில்தான்.

விரிசல் விட்ட பட்டையை வெல்டிங் செய்யச் சம்மதிக்காதீர்கள். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். பிக்கப் வண்டியின் பட்டை ஒன்றைக் கூடுதலாகச் செருகுவதும் வேண்டாம். மைனருக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. ஸ்பிரிங் விறைத்தால் அடியெல்லாம் உடல் தகட்டுக்குத்தான் போகும்.

அதனால்தான், ஸ்பிரிங்குக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) செலவழிக்குமுன் அது மாட்டியிருக்கும் இடங்களைப் பாருங்கள். மைனரில் துரு விரும்பிக் குடியேறும் இடம் அது. திருப்புளி நுனியால் அழுத்தமாகக் குத்திப் பாருங்கள். கணீரென்று திருப்பிக் கொடுத்தால் மேலே சொன்ன வேலையைத் தொடங்கலாம். நுனி உள்ளே இறங்கினால், தகடு வேலை தெரிந்தவரிடம் காட்டி அதை வெட்டிப் புதிதாக வைக்கும்வரை தாத்தாவின் காரைச் சாலையில் ஓட்டாதீர்கள்.