பஸ்ஸும் அரசு, ரயிலும் அரசு. பணம் போனது யாரால்?

கேள்வி: சென்னைக்கு ராமநாதபுரத்திலிருந்து நான்கு படுக்கைகள் பதிவு செய்திருந்தோம், நான்கும் உறுதியானவை. ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பே கீழக்கரையில் பஸ் ஏறிவிட்டோம். நடுவழியில் பஸ் பழுதாகி நின்றது. அடுத்த பஸ் பிடித்து, ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போய் இறங்கியபோது ரயிலின் கடைசிப் பெட்டியைத்தான் பார்க்க முடிந்தது. கவுன்டரில் ஒரு ரூபாய்கூடத் திரும்பக் கிடைக்காது என்றார்கள். பஸ்ஸும் அரசு, ரயிலும் அரசு. எங்கள் பணம் ஏன் போக வேண்டும்?
– வாசகர், கீழக்கரை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் கவுன்டரில் சொன்னது விதிப்படி சரி. பஸ் மாநில அரசுக் கழகத்தினுடையது, ரயில் மத்திய அரசினுடையது. இரண்டும் ஒரே ஊரில் நிற்கின்றன என்பதைத் தவிர, டிக்கெட் அளவில் அவற்றுக்குள் எந்த உறவும் இல்லை. ரயில் போன பிறகு உறுதியான டிக்கெட்டைக் காட்டினால், நீங்கள் தாமதமாக வந்ததற்கான காரணத்தை ரயில்வே கேட்பதே இல்லை.

ஒரு காலத்தில் சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட், நம் கரை வழியாகக் கொழும்பு வரை செல்லும். தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து மீண்டும் ரயில். ‘போட் மெயில்’ என்ற பெயர் வந்தது அதனால்தான். 1964 டிசம்பர் புயலோடு அந்த ஏற்பாடு முடிந்தது. கடலைத் தாண்டச் செய்து கொடுத்ததைக் கீழக்கரை ரோட்டுக்கு இன்னும் செய்து தரவில்லை.

இரண்டுமே ரயில் என்றால் கதை வேறு. ராமநாதபுரத்தில் ஏறி மதுரையில் மாறுகிறீர்கள். முதல் ரயில் தாமதமாகி, இரண்டாவது போய்விட்டது. அப்போது பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். முதல் ரயில் வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும். இணையத்தில் பதிவு செய்பவர்கள் இரண்டு பிஎன்ஆர் எண்களையும் முன்கூட்டியே இணைத்துவிட வேண்டும். இரண்டிலும் பயணிகளின் விவரம் ஒன்றாக இல்லாவிட்டால் இணைக்க முடியாது. 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. பலர் இணைக்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பஸ் கழகத்துக்குப் புகார் எழுதுங்கள். டிக்கெட்டில் நேரமும் தடமும் அச்சாகியிருக்கும். ஆனால் அந்த மெல்லிய தாளில் எழுத்து நாளடைவில் வெளுத்துவிடும். இன்றே படம் எடுத்து வையுங்கள். நான்கு ரயில் கட்டணமும் திரும்பி வரும் என்று நம்பிக்கை கொடுக்க என்னால் முடியாது. அடுத்த முறை, எந்தப் பஸ் போதும் என்று தோன்றுகிறதோ அதற்கு முந்திய பஸ்ஸில் ஏறுங்கள். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பேரம் பேசும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு நடந்தது நேர்மாறு. ரயில் இரண்டு மணி நேரம் தாமதமாக ராமநாதபுரம் வந்தது. தொண்டிக்குக் கடைசி பஸ் போய்விட்டது. வயதான தாயாரோடு வாடகைக் கார் பிடித்துப் போனேன். அந்தச் செலவைக் கேட்க வழியுண்டா?
– வாசகர், தொண்டி

பதில்: உண்டு, ஆனால் ரயில்வே கவுன்டரில் அல்ல. ரயில் தாமதத்துக்குப் பணம் திரும்பக் கிடைப்பது, புறப்பாடு 3 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போய், நீங்களும் பயணம் செய்யாமல் விட்டால்தான். நீங்கள் பயணம் செய்துவிட்டீர்கள்.

உங்களுக்கு உதவக்கூடியது உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பு. ஜம்முவுக்கு ரயில் 4 மணி நேரம் தாமதமாகப் போனதால் ஒரு குடும்பம் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டு, டாக்சியில் போனது. தாமதம் தன் கைமீறிய காரணத்தால் ஏற்பட்டது என்று ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் இழப்பீடு தர வேண்டும் என்றது நீதிமன்றம். உங்கள் வழக்கு இதைவிடக் கொஞ்சம் பலவீனமானது. அவர்கள் கையில் விமான டிக்கெட் இருந்தது. கடைசி பஸ்ஸுக்கு யார் முன்பதிவு செய்கிறார்கள்? அதனால் பஸ் நேரத்துக்கும் கார் வாடகைக்கும் எழுத்து ஆதாரம் வேண்டும். கார் ஓட்டுநரிடம் ரசீது வாங்கினீர்களா? முதலில் ரயில்வே உதவி எண்ணான 139-இல் புகார் செய்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். புதுடெல்லிக்கு அலைய வேண்டியதில்லை.

கேள்வி: ராமேசுவரத்தில் காலையில் மதுரைக்குச் சாதாரண டிக்கெட் எடுத்தேன். வேலை இழுத்துவிட்டதால் மாலை ரயிலில் போனேன். அபராதம் போட்டார்கள். சரியா?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: இடையில் மதுரைக்கு வேறு ரயில் போனதா என்று பாருங்கள். 199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவில்லா டிக்கெட், எடுத்த 3 மணி நேரம் அல்லது அந்த ஊருக்கான முதல் ரயில் புறப்படும் வரை, இதில் எது பிந்தியதோ அதுவரை செல்லும். மதுரை இந்தத் தூரத்துக்குள்தான் வருகிறது. இடையில் ரயில் போயிருந்தால் அபராதம் சரி. மாலை ரயில்தான் முதல் ரயில் என்றால், உங்கள் டிக்கெட் உயிரோடுதான் இருந்திருக்கிறது. ரசீதை வைத்துக்கொண்டு புகார் எழுதுங்கள்.