குளத்துப் பதிவுக் கருவிக்குப் பேட்டரி மாற்றுவது எப்படி?

கேள்வி: வேதாரண்யம் அருகே வனாமி இறால் வளர்க்கிறேன். கரைந்துள்ள ஆக்சிஜனையும் வெப்பத்தையும் பதிவு செய்யும் கருவி ஒன்றைக் குளத்தில் ஒரு மீட்டர் ஆழத்தில் மூழ்க வைத்திருக்கிறேன். பேட்டரி தீர்ந்ததும் கரையிலேயே கழற்றி மாற்றினேன். சில நாட்களில் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. சரியான முறை என்ன?

பதில்: தண்ணீர் புகுந்ததற்குப் பெரும்பாலும் மூடியைத் திறந்து மூடிய விதமே காரணமாக இருக்கும். இத்தகைய கருவிகளில் நீரைத் தடுத்து நிறுத்துவது மூடியின் பள்ளத்தில் அமர்ந்திருக்கும் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம்தான். அதன்மேல் ஒரு தலைமுடியோ மணல் துகளோ உப்புப் பொருக்கோ கிடந்தால் அந்த இடத்தில் கசியும். ஆழம் ஒரு மீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். அதிக ஆழத்தில் நீரின் அழுத்தமே வளையத்தை இறுக்கி அமர்த்துகிறது. ஒரு மீட்டரிலோ வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது என்பதால், வளையமும் பள்ளமும் எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்பதையே முழுவதும் நம்ப வேண்டியிருக்கிறது.

ஆகவே, கரையில் வைத்துத் திறக்காதீர்கள். அங்கே உப்பும் தூசியும் பறப்பதோடு, வெயிலில் சூடான ஈரக்காற்றை உள்ளே அடைத்து மூடினால், குளத்தில் இறங்கியதும் அது குளிர்ந்து சுருங்கி வெளிநீரை உள்ளிழுக்கப் பார்க்கும். மின்சுற்றின்மேல் நீர் முத்துகளும் படியும். கருவியை நல்ல தண்ணீரில் கழுவி, மூடியின் இடுக்கில் ஒட்டிய பாசியையும் கொட்டலசு என்னும் ஓட்டு உயிரியையும் சுரண்டி, துடைத்து உலர்த்திய பிறகே அறைக்குள் திறக்க வேண்டும், ஏ.சி. அறை கிடைத்தால் மிக நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவின் காற்றே நனைந்திருக்கும் என்பதால், இந்த வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

திறப்பதற்கு முன் பதிவான தரவுகளைக் கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு வளையத்தை விரல்களால் ஒரு பக்கமாகத் தள்ளி, எழும்பும் மடிப்பைப் பிடித்து உருவ வேண்டும்; ஊசியோ ஸ்க்ரூடிரைவரோ பட்டால் பள்ளத்தில் விழும் கீறலை எந்த கிரீஸாலும் அடைக்க முடியாது. நல்ல வெளிச்சத்தில் வளையத்தை மெல்ல வளைத்து, சுற்றிலும் பாருங்கள். குறுக்குவெட்டு உருண்டையாக இல்லாமல் தட்டையாகியிருந்தாலும், மெல்லிய வெடிப்பு தெரிந்தாலும் புதியது போடுங்கள். அதன் விலை கருவியின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை. சாதாரண நைட்ரைல் ரப்பர் வளையத்திற்குச் சிலிக்கோன் கிரீஸ் ஏற்றது, ஆனால் சிலிக்கோன் ரப்பர் வளையத்தை அதே கிரீஸ் உப்ப வைத்துவிடும். எனவே எந்த வகை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வளையம் பளபளக்கும் அளவுக்குப் பூசினால் போதும், அப்பினால் மணலைத்தான் இழுக்கும்.

பேட்டரியிலும் ஒரு பொறி உண்டு. இத்தகைய கருவிகள் சிலவற்றில் இருக்கும் 3.6 வோல்ட் லித்தியம் செல், கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் அதே அளவில் இருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடக் கூடாது. அந்த லித்தியம் செல்லை ரீசார்ஜ் செய்யவும் கூடாது. தீரும் தறுவாய் வரை அதன் வோல்டேஜ் குறையாது என்பதால், மல்டிமீட்டரை நம்பாமல், ஒவ்வொரு இறால் வளர்ப்புச் சுற்று தொடங்கும் முன்பும் மாற்றிவிடுங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் கூடவே மாற்றுங்கள்.

இப்போது தண்ணீர் புகுந்திருக்கும் கருவியில் லித்தியம் செல் இருந்தால் எச்சரிக்கை தேவை. நீரும் அந்த செல்லும் சேர்ந்தால் வாயு உண்டாகி உள்ளே அழுத்தம் ஏறியிருக்கலாம். திறந்த வெளியில், மூடியை முகத்துக்கு நேரே வைக்காமல், சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். சூடாக இருந்தாலோ, சீறும் ஓசை கேட்டாலோ தொடாமல் விலகிவிடுங்கள்.

புதிய வளையம் போட்டதும், பேட்டரி இல்லாமல் ஒரு டிஷ்யூ தாளை உள்ளே வைத்து மூடி, கல் கட்டி ஒரு டிரம் நல்ல நீரில் ஓரிரவு மூழ்க வையுங்கள். தாள் காய்ந்திருந்தால் பேட்டரியைப் பொருத்தி, கடிகாரத்தைச் சரிசெய்து, ஆக்சிஜன் உணரியை அளவு திருத்தம் செய்து குளத்தில் இறக்கலாம். முதல் சில விடியற்காலைகளில் கையடக்க மீட்டராலும் அளந்து ஒப்பிடுங்கள். அதில் ஆக்சிஜன் அளவு லிட்டருக்கு 4 மில்லிகிராமை நெருங்கினால், கருவி என்ன சொன்னாலும் நீரில் காற்றூட்டும் ஏரேட்டரை ஓட விடுங்கள்.