முதுகுக்குப் பின்னால் எஞ்சின்

கேள்வி: சோழவரம் ரேஸ் பார்த்தவர் என் தாத்தா. "எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் ரேஸ் கார்" என்பார். போர்ஷே 550 ஸ்பைடர் அந்த ரகம்தானே? அதில் என்ன லாபம்?
- கல்லூரி மாணவர், புது வண்ணாரப்பேட்டை

பதில்: தாத்தா சொன்னது பாதி சரி, தம்பி. அதே கம்பெனியின் 356 காரிலும் எஞ்சின் பின்னால்தான். ஆனால் பின் அச்சையும் தாண்டி, வாலில். வளைவில் வேகமாகத் திருப்பினால் வால் வெளியே வீசும். 1953-இல் வந்த 550-இல் எஞ்சினை அச்சுக்கு முன்னால் இழுத்துவிட்டு, கியர் பெட்டியைப் பின்னால் தள்ளினார்கள். பாரம் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது.

காசிமேட்டிலிருந்து வரும் மீன்பாடி வண்டியைக் கவனியுங்கள். பாரம் முழுவதும் முன்பெட்டியில். கல்மண்டபத்தில் திரும்பும்போது ஓட்டுகிறவர் உடம்பையே சாய்த்து மல்லுக்கட்டுவார். பாரத்தை ஓரத்தில் வைத்தால் அதுதான் கதி, முன்னாலானாலும் பின்னாலானாலும்.

சிறுவனாக இருந்தபோது மாமாவின் சைக்கிள் கேரியரில் வியாசர்பாடியிலிருந்து சோழவரம் போயிருக்கிறேன். அது உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை. நேர்கோட்டில் எல்லாக் கார்களும் பறக்கும். மாமா என்னை வைக்கோல் கட்டு அடுக்கிய வளைவருகேதான் நிறுத்துவார். "இங்கேதான் வண்டியின் ஜாதகம் தெரியும்" என்பார்.

550-இன் எடையும் ஏறக்குறைய 550 கிலோதான். எஞ்சின் 1,498 சிசி, 110 குதிரைத்திறன். நான்கு சிலிண்டர்களுக்கு, வால்வுகளைத் திறந்து மூட நான்கு கேம் தண்டுகள், எட்டு ஸ்பார்க் பிளக்குகள். கேம்களைச் சுழற்றச் சங்கிலி கிடையாது, தண்டும் சாய்பற்சக்கரமும்தான். எர்ன்ஸ்ட் ஃபூர்மான் வடிவமைத்தது. வால்வு திறக்கும் நேரத்தை, அதாவது டைமிங்கை, சரியாக வைக்க நாள்கணக்கில் குனிந்து கிடக்க வேண்டும். பட்டறையில் அம்பாசடருக்கு டாப்பெட் இடைவெளி வைத்தே முதுகு ஒடிந்தவன் நான். அந்த மெக்கானிக்குகளுக்கு ஒரு கும்பிடு.

கொருக்குப்பேட்டை கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு இது பிடிக்கும். இத்தாலியின் 1954 மில்லே மில்யா சாலைப் பந்தயத்தில் ரயில்வே கேட் இறங்கிவிட்டது, ரயில் வருகிறது. 550-ஐ ஓட்டிய ஹான்ஸ் ஹெர்மான் பிரேக் போடவில்லை. பக்கத்தில் இருந்த ஹெர்பர்ட் லிங்கேயின் ஹெல்மெட்டில் ஒரு தட்டு. இருவரும் தலையைக் குனிய, கார் கேட்டுக்கு அடியிலேயே நுழைந்து போனது. அவ்வளவு தாழ்வான வண்டி. தன் பிரிவில் முதலிடமும் பெற்றது. நீங்கள் பைக்கில் முயல வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் எங்கு பார்த்தாலும் 550 ஸ்பைடர். எல்லாம் அசலா?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: மொத்தம் செய்ததே சுமார் 90 தான், அம்மா. மற்றவை பின்னாளில் வந்த நகல்கள். பலவற்றில் ஃபைபர் உடலும் பீட்டில் காரின் எஞ்சினும் இருக்கும். அசலின் உடல் அலுமினியம். காந்தம் வைத்துப் பயனில்லை, இரண்டிலுமே ஒட்டாது. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். காலி அன்னக்கூடையின் சத்தம் வந்தால், அடுத்து சேஸிஸ் எண்ணை, அதாவது அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணை, கேட்கலாம். பிளாஸ்டிக் வாளிச் சத்தம் வந்தால், படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.