காருக்கு கோல்ட் ஏர் இன்டேக் (எஞ்சினுக்கு வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் குழாயும் ஃபில்டரும்) நானே செய்து பொருத்தலாமா? பவரும் மைலேஜும் கூடுமா?

கேட்டிருப்பவர் கருங்கல் ஊர்க்காரர். 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறார். கூம்பு ஃபில்டர் ஒன்றை வாங்கி, குழாய் வளைத்து, முன் பம்பருக்குள் ஃபாக் லைட்டுக்குப் பின்னால் வைக்கத் திட்டம். நானும் அதே அளவு எஞ்சினில் இந்த ஆசைக்குப் பணமும் இரண்டு மழைக்காலமும் செலவழித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் என் கதை. நான் பம்பர் வரை போகவில்லை. கம்பெனி ஏர் பாக்ஸை, அதாவது ஃபில்டர் இருக்கும் மூடிய பெட்டியை, கழற்றிவிட்டு பானட்டுக்குள்ளேயே கூம்பைச் செருகினேன். நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு ஓட்டிப் பார்த்தபோது, எஞ்சின் உறுமிய உறுமலில் பத்துக் குதிரை கூடியதாகவே நம்பினேன். தக்கலையில் எனக்குப் பழக்கமான ஒர்க்ஷாப் ஆசான் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, நீ காற்றை அடுப்படியிலிருந்து எடுக்கிறாய்." கோபம் வந்தது. அவரைப் பொய்யாக்கத்தான் அளக்கத் தொடங்கினேன்.

2013க்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் (எஞ்சின் கோளாறுகளைப் படிக்கும் இணைப்பு) இருக்கும். மலிவான புளூடூத் கருவி ஒன்றை அதில் செருகினால், உள்ளே போகும் காற்றின் வெப்பம் கைபேசியில் தெரியும். வெளியே 31 டிகிரி இருந்த ஒரு நாள். வடசேரி நெரிசலில் நின்றபோது கூம்பு 64 காட்டியது. நாற்கரச் சாலையில் 80 வேகத்தில் 44. கம்பெனி பாக்ஸைத் திரும்ப மாட்டி அதே வழியில் போனேன். நிற்கும்போது 46, ஓடும்போது 35. காற்று ஏறக்குறைய 3 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஒரு சதவீதம் குறையும். ஆக, ஓட்டத்தில் 9 டிகிரி கூடிய என் கூம்பு, எஞ்சினுக்குப் போகும் காற்றில் 3 சதவீதத்தைக் களவாடிக்கொண்டிருந்தது. போதாதற்கு, சூட்டைக் கண்டதும் எஞ்சினின் கணினியான இசியு, நாக்கிங்குக்கு (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பதற்கு) அஞ்சி, தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும்; பவர் குறையும். உறுமல் வந்தது வேறு இடத்திலிருந்து. கம்பெனிக் குழாயில் தொங்கும் வெற்று டப்பா சத்தத்தை விழுங்குவதற்காகவே இருக்கிறது. நான் அதைத்தான் கழற்றி எறிந்திருந்தேன்.

சரி, சூடாக இருந்தாலும் கூம்பு "தடையில்லாமல்" காற்றை விடுமே என்பீர்கள். அதையும் அளக்கலாம்; செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிந்த பிளாஸ்டிக் டியூபை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதிவரை வண்ணம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். மறு முனையை, ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (மிதித்தால் திறந்து காற்றை விடும் வால்வு) நடுவே வந்து சேரும் பிரீதர் ஹோஸில் (எஞ்சினின் உட்புறத்தைக் காற்றுக் குழாயோடு இணைக்கும் சிறு ரப்பர் குழாய்) மீன்தொட்டிக்கு விற்கும் T வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு இணையுங்கள். கால்கள் ஒவ்வொன்றும் அரை மீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் தண்ணீரை எஞ்சின் குடித்துவிடும். ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் இரண்டாம் கியரில் முழுக்க மிதித்து 6000 வரை ஏற்றும்போது, பக்கத்தில் இருப்பவர் இரு கால்களின் நீர்மட்ட வித்தியாசத்தைப் படிக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்தவை: அழுக்கேறிய பழைய காகித ஃபில்டரில் 26 சென்டிமீட்டர். புதிய காகித ஃபில்டரில் 18. ஃபில்டரே இல்லாமல், ஒரே ஒரு ஓட்டத்துக்கு மட்டும், 13. காற்றுமண்டல அழுத்தம் சுமார் 10 மீட்டர் தண்ணீருக்குச் சமம். அதாவது புதிய ஃபில்டர் தடுப்பது 5 சென்டிமீட்டர், அரை சதவீதம். உலகின் விலை உயர்ந்த ஃபில்டரை மாட்டினாலும் அந்த அரை சதவீதத்துக்கு மேல் ஃபில்டரால் தர முடியாது. 3 கொடுத்து அரை வாங்கியிருக்கிறேன். ஆசானிடம் போய் ஒப்புக்கொண்டேன். சிரித்தார், தேநீர்க் காசு மட்டும் என்னைக் கொடுக்கச் சொன்னார்.

இனி உங்கள் பம்பர் திட்டம். குளிர்ந்த காற்று அங்கே கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் நம் குமரி மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ஐப்பசியில் பழையாறு பெருகினால் சுசீந்திரம் பக்கத்துத் தாழ்ந்த சாலைகள் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும். நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டர் சுமார் 300 மில்லி. பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் 30 மில்லி அளவுதான், இருமல் மருந்து மூடியால் மூன்று மூடி. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளையும். என் நண்பனுக்கு முழங்காலுக்கும் குறைவான தண்ணீரில் இது நடந்தது. எதிரே வந்த பஸ் கிளப்பிய அலை போதுமானதாக இருந்தது. எஞ்சினைப் பிரித்துக் கட்டிய செலவில் ஒரு நல்ல இருசக்கர வாகனம் வாங்கியிருக்கலாம்.

வேகமாகப் போனால் முகப்புக் காற்று தானே அழுத்தி ஏறும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அழுத்தம் காற்றுமண்டலத்தின் 0.3 சதவீதம்கூட இல்லை. முப்பந்தல் காற்றாடிகளுக்கு எதிரே நிறுத்தினாலும் கதை அவ்வளவுதான்.

இத்தனைக்கும் பிறகும் செய்தே தீருவேன் என்றால், இப்படிச் செய்யுங்கள். ஃபில்டர் பம்பரில் வேண்டாம். கம்பெனி பாக்ஸ் இருந்த அதே உயரத்தில் இருக்கட்டும். அதைச் சுற்றித் தகரப் பட்டறையில் அலுமினியப் பெட்டி அடிக்கச் சொல்லுங்கள். மேல் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டி, பானட் மூடும்போது அது அழுந்தி அடைய வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் ரேடியேட்டர் சூடு உள்ளே நுழையும். பெட்டிக்கான காற்று, கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் பழைய வாயிலிருந்தே வரட்டும். உங்கள் எஞ்சின் 6000 சுற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 50 லிட்டர் காற்று இழுக்கும். 60 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் அது விநாடிக்கு 18 மீட்டர் வேகம், தாராளம். மூன்று அங்குலக் குழாய் இந்த எஞ்சினுக்கு வீண் பகட்டு. வீட்டுக்குழாய் பிவிசி வேண்டவே வேண்டாம். 80 டிகிரியை நெருங்கினால் தளர்ந்துவிடும். கிளாம்புகள் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும், கடற்காற்று மற்றதை ஓராண்டில் தின்றுவிடும். பிரீதர் ஹோஸை ஃபில்டருக்குப் பின்னால், வடிகட்டிய பக்கத்தில் சேர்க்க மறக்காதீர்கள். நான் மறந்தேன். மூன்று மாதம் மணவாளக்குறிச்சிப் பக்கம் வேலைக்குப் போய்வந்த தூசியெல்லாம் அந்தத் திறந்த முனை வழியாக உள்ளே போனது. த்ராட்டிலைத் துடைத்த துணி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஃபில்டருக்கு அடுத்து எம்ஏஎஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அளவை அளப்பது) இருக்கும் கார் என்றால் அந்தப் பகுதியின் விட்டத்தை மாற்றவே கூடாது, கணக்குத் தவறிவிடும்.

மைலேஜ் கூடாது. சாதாரண ஓட்டத்தில் த்ராட்டில் பாதிகூடத் திறந்திருக்காது. நீங்களே காற்றை மிதியால் அடைத்துக்கொண்டு போகிறீர்கள், அங்கே குளிர்ந்த காற்றுக்கு வேலையில்லை. வாரண்டி மீதமிருந்தால் சர்வீஸ் சென்டரில் ஒரு வாக்குவாதத்துக்கும் தயாராக இருங்கள்.

கடைசியாக என் காரில் என்ன இருக்கிறது என்றால், கம்பெனி பாக்ஸ், 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றும் காகித ஃபில்டர், கிரில்லுக்குப் பின்னால் கழன்று தொங்கிக்கொண்டிருந்து நான் திரும்பப் பொருத்திய மூக்குக்குழாய் (பாக்ஸுக்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் வாய்க்குழாய்). அந்த மூக்குக்குழாயைப் பொருத்தியது மட்டும் ஓட்டத்தில் 4 டிகிரி குறைத்தது. செலவு இரண்டு கிளிப். உங்கள் காரில் அது இடத்தில் இருக்கிறதா என்று இன்றே டார்ச் அடித்துப் பாருங்கள்.